கடலைச் சந்திக்க வந்தவர்

பஸ்ஸில் ஓர் ஆசனத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு நாற்பது பேரை நிற்கவைக்கக்கூடியவர் எங்கள் தீவில் ஒருவர்தான் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைக்கு வரும் பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் உள்ள ஆசனத்துக்கு மேலே 'மதகுருமாருக்கு' என்று எழுதியிருக்கும். எல்லாப் பஸ்ஸிலும்தான் எழுதியிருக்கிறது, யார் வாசிக்கிறார்கள்? அவர் வாசித்தார். தானும் இருக்கமாட்டார், மற்றவரையும் இருக்கவிடமாட்டார். ஒருநாள் இரண்டு பெரிய பைகளோடு ஏறிய ஒருவர், "பஸ்ஸில ஐயர்மார் ஒருத்தரும் இல்லையே அக்கா" என்று கெஞ்சிப் பார்த்தார். "அல்லைப்பிட்டியில ஏறினால் என்ன செய்வீர்?" என்று இவர் கேட்டார். அல்லைப்பிட்டியில் யாரும் ஏறவில்லை. மண்கும்பானில் உண்மையாகவே ஓர் ஐயர் ஏறிவிட்டார். ஏறியவர் அடுத்த தரிப்பிலேயே இறங்கியும் விட்டார். ஆனால் இவருக்கு அந்த ஒரு தரிப்பு போதும். பஸ் முழுவதையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பஸ்ஸில் யாரும் அவரோடு வாதாடியதில்லை.

மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடத்துக்கு மேல் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கலியாணம் செய்யவில்லை. என் அம்மாவுக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா, என் மகளுக்கும் அக்கா. ஊரில் பாதிப்பேருக்கு அவரென்றால் பயம். மீதிப்பேர் அவருக்கு விசர், மூளை பிசகு என்று சொல்லுவார்கள். நான் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன். எங்காவது ஒரு விதி எழுதியிருந்தால் போதும், அதைக் கடைசி எழுத்துவரை செய்து முடிப்பார். விதியை எழுதியவர்களே அதைப் பார்த்தால் ஏன் எழுதினோம் என்று யோசிப்பார்கள்.

எங்கள் ஒழுங்கை சரவணைப் பக்கம் பெரிய வீதியில் தொடங்கி, பனை வடலிகளையும் வேலிகளையும் தாண்டி, பிறகு வெட்டவெளியான வெறும் தரவையாகிப் போய்க் கடலில் முடியும். தோட்டத்துக்கு உரமாகப் போட, அலை ஒதுக்கிவிடும் சாதாளைப் பாசியை அள்ளி வருவது அந்த வழியால்தான். செத்தவர்களின் சாம்பலைக் கரைப்பது அங்கே. ஆடி அமாவாசைக்கு முழுகுவது அங்கே. ஒரு வேலையும் இல்லாவிட்டால் பின்னேரம் போய்ச் சும்மா நிற்பதும் அங்கேதான். ஒழுங்கையின் கடைசித் துண்டு ஒரு குடும்பத்தின் வளவுக்குள்ளால் போனது. அந்தக் குடும்பம் தெற்கே கடை வைத்து, பிறகு வெளிநாடு போய்விட்டது. அவர்கள் அதை வேலியடைத்ததும் இல்லை, அது அவர்களுடையது என்று எங்களுக்கு நினைவு இருந்ததும் இல்லை. அங்கிருந்தபடியே அவர்கள் அதை விற்றபோதுதான் எங்களுக்கு நினைவு வந்தது.

வாங்கியது, கடலட்டை அவித்து உலர்த்தி ஏற்றுமதி செய்கிற ஒரு கொம்பனி. கரை நீளத்துக்கும் முள்ளுக்கம்பி அடித்து, ஒழுங்கைக்குக் குறுக்கே இரும்புக் கேற் போட்டார்கள். கேற்றுக்கு ஒரு காவலாளி வேண்டும் என்றார்கள். வவுனியாவில் கடையொன்றில் நின்றுவிட்டு வேலையில்லாமல் வந்திருந்த நான் போய்ச் சேர்ந்தேன். ஆம், நான்தான். என் சொந்தச் சித்தப்பாவே கேற்றடிக்கு வந்து என் சப்பாத்துக்குப் பக்கத்தில் காறித் துப்பிவிட்டுப் போனார். எனக்குச் சம்பளம் வேண்டியிருந்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை என்று சொல்லத்தான் ஆசை.

சனங்கள் சத்தம் போட்டதில் மனேச்சர் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பெடியன், நல்ல பிள்ளை, ஆனால் கொழும்புத் தலைமை அலுவலகம் என்றால் வேர்த்துவிடும். ஊராட்கள் கடலுக்குப் போகலாம். ஆனால் மற்ற வெளியாட்களைப்போலக் கேற்றில் உள்ள பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைத்து, தலைமயிர் விழாமல் பிளாஸ்ரிக் தொப்பி போட்டுக்கொண்டு போகவேண்டும். இது உணவுத் தொழிற்சாலையாம். இந்த ஏற்பாட்டை அவர் கொழும்புக்குச் சொல்லவில்லை. மூன்று நாள் ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. கேற்றுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நாலாம் நாள் பின்னேரம் ஐந்தரைக்கு அக்கா வந்தார்.

என்னை வீட்டில் சாரம் கட்டியபடி கண்டால் 'நீ' என்பார். யூனிபோமோடு கண்டால் 'நீர்'.

"தம்பி, உம்மடை புத்தகத்தைத் தாரும்."

கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாத் தலைப்பையும் முதலில் வாசித்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனை நின்றது.

"இதில 'சந்திக்க வந்த நபர்' எண்டு கிடக்கு. நான் ஆரைச் சந்திக்கிறன்?"

"ஆரையாவது போடுங்கோ அக்கா. மனேச்சரைப் போடுங்கோ."

"மனேச்சரை நான் சந்திக்கப் போறேல்லை. என்னெண்டு போடுறது?"

"அப்ப வெறுமையா விடுங்கோ."

"வெறுமையா விடேலாது."

தலைப்பை இன்னொருமுறை வாசித்தார். பிறகு உருண்டையான எழுத்தில் 'கடல்' என்று எழுதினார். வந்த காரணம்: 'பார்க்க.' தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் ஒரு மணித்தியாலம் கரையில் இருந்துவிட்டு வந்தார். திரும்பும்போது 'வெளியே கொண்டுசெல்லும் பொருட்கள்' என்ற கட்டத்தில் 'காலில் ஒட்டிய மணல், சிறிதளவு' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

அடுத்தநாள் வீடு வீடாகப் போய் எல்லாரையும் எழுதச் சொன்னார். எங்கள் வீட்டுக்கும் வந்து அம்மாவிடம் சொன்னார். "எழுதாமல் போன பாதையை நாளைக்கு ஆர் ஒத்துக்கொள்ளுவினம்? ஒவ்வொரு கையெழுத்தும் எங்கடை பாதைக்கு ஒரு அத்தாட்சி. அவையின்ரை புத்தகத்திலயே அவையின்ரை பேனையால எழுதி வைப்பம்." கச்சேரியில் இருந்தவர் சொல்கிறார் என்று ஊர் கேட்டது. ஒரு கிழமையில் எல்லாரும் வரிசையில் நின்று 'கடல்', 'கடல்' என்று எழுதத் தொடங்கினார்கள். சித்தப்பாவும் எழுதினார். முன்பு துப்பிய அதே இடத்தில் நின்றுதான் எழுதினார்.

சின்னராசா அண்ணை ஒருவர்தான் எழுதவில்லை. அவர் தூண்டில் போடுகிறவர். கேற்றுக்கு நூறு அடி தள்ளி, முள்ளுக்கம்பியின் கீழ்க்கம்பியைக் கவட்டுத் தடியால் தூக்கி முட்டுக்கொடுத்துவிட்டு, அதற்குக் கீழால் ஊர்ந்து போவார். நான் "அண்ணை, போகாதேங்கோ" என்று கத்திவிட்டு முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதுவேன். "எழுது, எழுது" என்று கையை ஆட்டிக்கொண்டு அவர் போய்விடுவார். அக்கா அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ஒழுங்கு கெட்ட மனிசன்" என்பார்.

அந்த வருடத்து ஆடி அமாவாசையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஊர் முழுக்கப் பிளாஸ்ரிக் தொப்பியோடு கடலுக்குப் போனது. குருக்களின் குடுமி தொப்பிக்குள் அடங்காமல் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு நின்றது. "செத்துப்போன தகப்பனுக்கு இந்தக் கோலத்தில எங்களை அடையாளம் தெரியுமோ?" என்று சித்தப்பா கேட்டார். தொப்பியோடு என்னெண்டு முழுகுவது என்று குருக்கள் கேட்டார். அக்கா கேற்றில் தொங்கிய அறிவித்தலை மறுபடி வாசித்துப் பார்த்தார்.

"'வளவுக்குள் தொப்பி அணியவேண்டும்' எண்டுதான் கிடக்கு. கடல் வளவு இல்லை ஐயா. தண்ணி காலில பட்டாப் பிறகு கழட்டலாம்."

அப்படியே செய்தார்கள். அலை காலில் படும்வரை தொப்பியோடு நடந்து, அங்கே கழற்றி இடுப்பில் செருகி, மூன்று முறை முழுகி, மணலில் கால் வைக்கமுன் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். தண்ணீருக்கும் மணலுக்கும் நடுவில் நின்று, யாராவது அவசரப்படுகிறார்களா என்று அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவுப் புத்தகத்தின் பிரதி மாதாமாதம் கொழும்புக்குப் போகும். அங்கே யாரோ அதைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றியபோது, தீவுக் கிளையில் 'கடல்' என்ற ஓர் ஊழியர் மற்ற எல்லா ஊழியர்களையும்விட அதிகமான வெளியாட்களைச் சந்திப்பது தெரியவந்திருக்கிறது. ஒருநாள் திரு. கடல் என்று பெயர் போட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. வேலை நேரத்தில் தனிப்பட்ட ஆட்களை அளவுக்கு மிஞ்சிச் சந்திப்பது ஏன், சிலர் தங்களோடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருப்பது ஏன், பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் தரவும் என்று அதில் இருந்தது.

மனேச்சர் கடிதத்தோடு கேற்றடிக்கு ஓடிவந்தார். உண்மையைச் சொன்னால், ஊரை உள்ளே விட்ட குற்றத்துக்குத் தன் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் கடலின் வேலை போய்விடும். என்ன செய்கிறது என்று அக்காவிடமே கேட்டார்.

"கடிதம் வந்தால் உரிய ஆளிட்டைச் சேர்ப்பிக்க வேணும்" என்றார் அக்கா.

அதை வாங்கிக்கொண்டு கரைக்குப் போய், கடலைப் பார்த்து நின்று, ஆங்கிலத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சத்தமாக வாசித்தார். பிறகு கடிதத்தை மடித்து மனேச்சரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன அக்கா, பதில்?" என்று நான் கேட்டேன்.

"இப்ப தண்ணி வத்து. பெருக்கு வரட்டும் பாப்பம்."

அவர் பகிடி விடுகிறாரா உண்மையாகச் சொல்கிறாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. பதினான்கு நாளில் பல முறை பெருக்கு வந்து போனது, பதில் வரவில்லை. கொழும்பிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. விளக்கம் தராதபடியால் திரு. கடல் பணியிலிருந்து நீக்கப்படுகிறார், இனிமேல் அவரைச் சந்திக்க வருபவர்களை வளவுக்குள் அனுமதிக்கக்கூடாது. மனேச்சர் அதைக் கேற்றில் ஒட்டினார். நான் பூட்டைப் போட்டேன். போட்டுவிட்டு அன்றைக்கு முழுக்க நிலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஊர் மனுக் கொடுத்தது. பிரதேச செயலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். சனசமூக நிலையத்தில் கதிரை போதாமல் சனம் வெளியிலும் நின்றது. கேற் போட்டதிலிருந்து உள்ள பதிவுப் புத்தகங்களைக் கொம்பனி கொண்டுவர வேண்டும் என்று அக்கா முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தார். கொம்பனியின் சட்டத்தரணி ஒரு புத்தகமும் விடாமல் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார். அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"அம்மா, இது உங்கடை கையெழுத்தோ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளும் வைச்சனீங்களோ?"

"ஒரு நாளும் விடேல்லை."

"அப்ப ஒவ்வொரு நாளும் கேட்டுத்தான் போனீங்கள்."

"கேட்காமல் போறது முறையில்லையே."

"தன்ரை பாதையால போற ஆள் கேட்டு, கையெழுத்து வைச்சு, தொப்பி போட்டுக்கொண்டு போகுமோ அம்மா?"

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தன் கையெழுத்தை மறுபடி பார்த்தார். சட்டத்தரணி அதிகாரியின் பக்கம் திரும்பினார். அனுமதியோடு போனால் நூறு வருடம் போனாலும் உரிமை வராது என்றார். மறிக்க மறிக்க, அனுமதியில்லாமல், பத்து வருடம் விடாமல் போயிருக்க வேண்டும். முந்திப் போனதும் காணியை விற்ற குடும்பத்தின் தயவில் போனதுதான், அதனால்தான் கேற்றைப் போட்டதும் கேட்டுப் போகிறார்கள் என்றார். அதிகாரி முறைப்பாட்டுப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"இதில எல்லாப் பக்கத்திலயும் சின்னராசா எண்டு கிடக்கு. ஆர் அவர்?"

சின்னராசா அண்ணை பொலிசில் பிடித்துக் கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்து வாசலுக்கு நகர்ந்தார்.

"பயப்பிடாதேங்கோ" என்றார் அதிகாரி. "இந்த ஊரிலயே பாதைக்கு உரிமை எண்டு கேக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். அதுவும் இன்னும் பத்து வருஷம் ஆகேல்லை."

பொதுப்பாதை என்பதற்குச் சான்று போதாது என்று எழுதிவிட்டு அவர் போய்விட்டார். சனம் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. "நீங்கள்தானே எழுதச் சொன்னீங்கள்" என்றார் சித்தப்பா. "ஓம், நான்தான்" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெயிலுக்குள் தனியாக நடந்து போனார். வாழ்நாள் முழுக்க ஒழுங்காக இருந்த ஒரு மனுசி, அந்த ஒழுங்காலேயே ஊரின் கடலைத் தொலைத்துவிட்டார்.

மூன்று நாள் அவர் வெளியே வரவில்லை. நாலாம் நாள் ஐந்தரைக்கு வந்தார். கேற்றுக்கு வரவில்லை. சின்னராசா அண்ணையின் கவட்டுத் தடி நிற்கும் இடத்தில் போய் நின்று என்னைக் கூப்பிட்டார். சின்னராசா அண்ணையும் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, முறைப்பாட்டுப் புத்தகத்தைக் கொண்டு இஞ்சை வாரும்."

"அக்கா, கேற் பூட்டு. எனக்குத் திறக்க ஏலாது."

"திறக்கச் சொல்லி ஆர் கேட்டது? நான் இப்ப அத்துமீறி நுழையப் போறன். நீர் மறிக்க வேணும்."

"நான் மறிக்கமாட்டன். நீங்கள் பேசாமல் போட்டு வாங்கோ."

"விசர்க் கதை கதையாதையும். மறிக்காமல் விட்டால் அது அனுமதி. எனக்கு உம்மடை அனுமதி வேண்டாம்."

சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினார். எழுபத்தொரு வயது. மண்ணில் முதுகை வைத்துப் படுத்து, கம்பிக்குக் கீழால் தலையை முதலில் விட்டார். சின்னராசா அண்ணை தடியைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, போகாதேங்கோ அக்கா" என்றேன்.

பாதி உள்ளே, பாதி வெளியே கிடந்தபடி அவர் என்னைப் பார்த்தார்.

"அக்கா எண்டு சொல்லி ஆரும் ஏசுறவையோ? திரும்ப ஏசும்."

"ஏய்! ஆரது! இது கொம்பனிக் காணி! வெளியால போ!"

"ஓம், இப்பிடித்தான். எழுதும். நேரத்தைச் சரியாப் போடும். நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

எழும்பி மண்ணைத் தட்டிவிட்டுக் கடலைப் பார்க்க நடந்தார். தொப்பி போடவில்லை. திரும்பி வந்தபோது நான் கேட்டேன்.

"பத்து வருஷம் எண்டவங்கள் அக்கா. இனித்தானே தொடங்குது."

"எண்பத்தொரு வயசில முடியும். எனக்கு வேற என்ன வேலை?"

அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. மாரி மழையில் குடையைச் சின்னராசா அண்ணையிடம் கொடுத்துவிட்டு நனைந்த மண்ணில் ஊர்ந்தார். காய்ச்சலோடும் வந்தார். பொங்கலுக்குக் கொம்பனி பூட்டு, எனக்கும் லீவு. பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுப் படலையில் வந்து நின்றார். "நீ யூனிபோமைப் போட்டுக்கொண்டு வா, ஒருக்கா ஏசிப்போட்டுப் போகலாம்" என்றார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நான் பொங்கல் புக்கை தின்ற கையைக் கழுவிவிட்டு யூனிபோமைப் போட்டேன். போட்டதும் அவர், "வாரும், நேரம் போகுது" என்றார்.

கொழும்புக்கு இது நல்ல சந்தோசம். ஒவ்வொரு நாளும் ஓர் அத்துமீறல் பிடிபட்டுப் பதிவாகிறது என்று பார்த்துவிட்டு, சிறந்த காவலாளி என்று எனக்கு ஒரு சான்றிதழ் அனுப்பினார்கள். அதை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்துவிட்டு, "தகுதியான ஆளுக்குத்தான் குடுத்திருக்கினம்" என்றார். இதுவும் பகிடியா என்று எனக்குத் தெரியாது.

நான் ஏசுவதைக் கேட்க அவர் விரும்பினாரோ என்றுகூட நான் சில நேரம் யோசித்திருக்கிறேன். கம்பியடியில் எல்லாருக்கும் முன்னால் நான் அவரை நாயே பேயே என்று ஏசுவேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். ஊரைக் கையெழுத்து வைக்கச் சொன்னதற்கு அவர் தனக்குத் தானே கொடுத்த தண்டனையோ என்னவோ. கேட்டால் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் சித்தப்பா பிறகு ஒருநாளும் அவரைக் குறை சொல்லவில்லை.

நாலு வருடமும் சில மாதங்களும் போயின. ஓர் ஐப்பசியில் ஒருநாள் காலமை அக்கா எழும்பவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை தேத்தண்ணியோடு போய்ப் பார்த்திருக்கிறாள். அன்று மத்தியானமே எடுத்தார்கள். ஊர் முழுக்கச் சுடலைக்குப் போனது. சின்னராசா அண்ணையும் போனார். எனக்கு லீவு தர மனேச்சரால் முடியவில்லை. கேற்றில் நின்றேன்.

ஐந்தேகால் ஆனது. ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. ஐந்தரை ஆனது. இன்றைக்கு ஒருவரும் போகாவிட்டால் நாலு வருடமும் போச்சு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முறைப்பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கேற்றைப் பூட்டி, கவட்டுத் தடியடிக்குப் போனேன். சாவி என் பொக்கற்றில் கிடந்தது. யூனிபோமோடு படுத்து முள்ளுக்கம்பிக்குக் கீழால் ஊர்ந்தேன். சேட்டு முதுகில் கிழிந்தது. கடலுக்குப் போய்ச் சப்பாத்தில் தண்ணீர் படும்வரை நின்றுவிட்டு, அதே வழியால் திரும்பி வந்து புத்தகத்தை விரித்தேன். அத்துமீறியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். நேரம் எழுதினேன். காவலாளி எடுத்த நடவடிக்கை என்ற இடத்தில் 'ஏசினேன்' என்று எழுதப் போனபோது கை நின்றுவிட்டது. நான் இன்னும் ஏசவில்லை. ஏசாமல் எழுதினால் அது பொய்.

எழும்பி நின்றேன். "ஏய்! ஆரது! வெளியால போடா நாயே!" என்று எனக்கு நானே தொண்டை கிழியக் கத்தினேன். கத்தும்போது அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எழுதி முடித்தேன்.

அடுத்த கிழமை என்னை வேலையால் நிற்பாட்டினார்கள். சிறந்த காவலாளி தானே அத்துமீறியதாகத் தானே எழுதியிருப்பது கொழும்புக்கு விளங்கவில்லை. ஓர் ஆள் விட்ட இடத்திலிருந்து இன்னோர் ஆள் தொடர்ந்தால் பத்து வருடக் கணக்கு ஓடுமா என்று யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியைக் கேட்டேன். ஓடும் என்று வாதாடலாம் என்றார். ஓடாது என்றும் வாதாடலாம் என்றார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் போய்விட்டது, நான் இப்போது தோட்டம் செய்கிறேன். ஐந்தரைக்குக் கம்பியடிக்குப் போய்விடுவேன். கேற்றுக்குக் காரைநகரிலிருந்து ஒரு பெடியனைப் போட்டிருக்கிறார்கள். நல்ல குரல், நன்றாகவே ஏசுகிறான். இன்னும் நாலு வருடம் இருக்கிறது.